ஐந்தாவது கியர் வந்தது, நடுக்கமும் கூடவே வந்தது

பட்டறை வாசல்: வாசகர் கேள்விகளும் கும்பகோணம் மெக்கானிக்கின் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே ரகம். கியர் பாக்ஸ் மாற்றினேன், அன்றிலிருந்து வண்டி ஆடுகிறது, இரைகிறது. அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரண்டால் வண்டியில் கை வைப்பது நம் பக்கத்துப் பழக்கம்தான். முதல் கடிதத்துக்கே இடம் நிறையப் போய்விட்டது, மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என்னுடையது பழைய மஹிந்திரா டீசல் ஜீப், பின்சக்கர ஓட்டம் மட்டும். நாலு கியர் பாக்ஸை இறக்கிவிட்டு, பழைய சாமான் கடையில் வாங்கிய ஐந்து கியர் பாக்ஸைப் போட்டேன். இன்ஜினோடு பாக்ஸைச் சேர்க்கும் பெல் ஹவுசிங் பொருந்தவில்லை என்று நடுவில் லேத்தில் ஒரு தகடு கடைந்து வைத்தார்கள். புதுப் பாக்ஸ் நீளம் என்பதால், பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்டை நாலு அங்குலம் வெட்டி வெல்டிங் வைத்தார்கள். இப்போது 50-ஐத் தாண்டினால் சீட் அதிர்கிறது. 60-ல் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரிகிறது. நின்றபடி நியூட்ரலில் விட்டால், டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம். தரைக்கு மேட் ஒட்டினால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார் மெக்கானிக். ஒட்டலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இப்போதைக்கு ஒட்டாதீர்கள். மேட்டுக்குக் கொடுக்கும் காசில் பாதி போதும், நோயையே பிடித்துவிடலாம். மேட் ஒட்டினால் சத்தம் கொஞ்சம் குறையும். அடியில் ஷாஃப்ட் தன் பாட்டுக்குத் தன் இரு முனையிலும் உள்ள சிலுவை மூட்டான கிராஸையும் பாக்ஸ் பின்பக்க பேரிங்கையும் தின்றுகொண்டே இருக்கும்.

முதலில் ஒரு சந்தேகம். நீங்கள் சொல்லும் 60 உண்மையிலேயே 60 தானா? ஸ்பீடாமீட்டர் கேபிளைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம் கியர் பாக்ஸின் வால் பக்கம் இருக்கிறது. பாக்ஸ் மாறினால் அதன் பல் எண்ணிக்கையும் மாறியிருக்கும், முள் பொய் சொல்லும். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து செல்போனில் வேகம் பார்க்கச் சொல்லுங்கள். இனி நான் சொல்லும் கணக்கெல்லாம் அந்த வேகத்துக்குத்தான்.

சாலை நெடுக நேராகக் கிடக்கும் இடமாகப் பார்த்து, காலையில் வண்டி நடமாட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். 60-ல் ஆட்டம் வந்ததும் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது, ஐடிலில் ஓடட்டும். வண்டி தானாக உருளும்போதும் அதே நடுக்கம் இருந்தால் இன்ஜின், கிளட்ச், நடுவில் வைத்த தகடு மூன்றின் மேலும் சந்தேகம் பெரும்பாலும் விலகும். குற்றவாளி ஷாஃப்ட் அல்லது அதற்குப் பின்னால் உள்ள ஏதோ ஒன்று. நியூட்ரலுக்குப் போனதும் நடுக்கம் சட்டென்று நின்றால் முன்பக்கம் தேடுங்கள். அப்புறம் 60-லேயே நாலாவது கியரிலும் ஐந்தாவதிலும் மாறி மாறி ஓட்டுங்கள். ஐந்தாவதில் இன்ஜின் சுற்று குறையும், ஷாஃப்ட் சுற்று குறையாது. இரண்டிலும் ஆட்டம் ஒரே மாதிரி இருந்தால் மறுபடியும் ஷாஃப்ட்தான்.

கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்றுத் தள்ளி, தரையில் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளங்கள். 16 அங்குல ஜீப் டயர் சுமார் 2.2 மீட்டர் வரும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். அதாவது சக்கரம் நிமிடத்துக்கு 455 சுற்று, நொடிக்கு ஏழரை. பின்னச்சுக்குள் ஷாஃப்டோடு சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8 பல், அது சுற்றிவிடும் பெரிய சக்கரமான கிரவுனில் 39 பல் என்றால் விகிதம் 4.88. அந்தக் கணக்கில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2200 சுற்றுக்கு மேல், நொடிக்கு 37.

சக்கரத்தில் கோளாறு என்றால் நொடிக்கு ஏழெட்டு ஆட்டம். ஸ்டியரிங்கில் கையே கிட்டத்தட்ட எண்ணிவிடும், உடம்பு குலுங்கும். ஷாஃப்ட் பாலன்ஸ் தவறியிருந்தால் 37. அதை எண்ண முடியாது, சீட் சுரீரென்று கூசும், கண்ணாடி கலங்கும். கிராஸ் கோணத்தில் கோளாறு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, அதாவது 74. அது உடம்பைவிடக் காதுக்குத்தான் அதிகம் தெரியும், அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று இழுப்பதுபோல். நீங்கள் எழுதியிருப்பதில் கண்ணாடி கலங்குகிறது என்ற ஒரு வரிக்காகத்தான் வெட்டி ஒட்டிய ஷாஃப்டை நான் முதலில் சந்தேகப்படுகிறேன்.

சரி, வண்டிக்கு அடியில் படுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவை இருக்கிறதே, அதன் இரண்டு காதுகளையும் பாருங்கள். முன்கவையின் காதுகள் மேலும் கீழுமாக நின்றால் பின்கவையின் காதுகளும் அப்படியே நிற்க வேண்டும். வெல்டிங் வைக்கும்போது கொஞ்சம் திரும்பியிருந்தாலோ, உள்ளே நுழைகிற பல் வெட்டிய தண்டு, அதாவது ஸ்பிளைன், ஒரு பல் தள்ளி ஏறியிருந்தாலோ போச்சு. ஏன் என்றால், கோணத்தில் சுற்றும் கிராஸ் ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். முன் கிராஸ் முந்துவதைப் பின் கிராஸ் பிந்திச் சரிக்கட்ட வேண்டும். காதுகள் ஒரே நேரில் இருந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும்.

இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. பல வருடம் முன்பு ஆடுதுறையிலிருந்து நெல் ஏற்றும் வண்டி ஒன்று இதே நடுக்கத்தோடு பட்டறைக்கு வந்தது. டயரை மாற்றினேன், மவுண்டிங் மாற்றினேன், கிராஸ் இரண்டும் புதிது போட்டேன். பத்து நாள் ஓடிவிட்டது. வண்டிக்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அடியில் கிரீஸ் அடிக்கப் படுத்திருந்த பையன், "அண்ணே, இந்தக் காது நட்டுக்க நிக்குது, அந்தக் காது சாஞ்சிருக்கே, அப்படித்தான் இருக்குமா?" என்றான். ஸ்பிளைனை ஒரு பல் தள்ளி மாட்டியது நான்தான். அதற்கு முந்தைய தடவை இதே வண்டியை நான் கழற்றியபோது சாக்பீஸால் அடையாளம் போடவில்லை. நாலு போல்ட், கால் மணி நேரம். நடுக்கம் போயே போய்விட்டது. அன்றைக்கு அந்தப் பையனுக்கு வாங்கிக் கொடுத்த பரோட்டா இன்னும் கணக்கில் நிற்கிறது.

காது நேராக இருந்தால் அடுத்தது கோணம். இதற்கு மெஷின் எதுவும் தேவையில்லை. கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இரவல் வாங்குங்கள், பள்ளிக்கூடப் பையனிடம் கோணமானி. செல்போனில் சாய்வு காட்டும் செயலி இருந்தால் இன்னும் சுலபம். சமதளத்தில், நாலு சக்கரமும் தரையில் ஊன்றி, வழக்கமான பாரத்தோடு வண்டி நிற்கட்டும். ஜாக்கியில் தூக்கி அளந்தால் ஸ்பிரிங் பட்டை தொங்கிக் கோணம் மாறிவிடும். பாக்ஸின் வால் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, ஷாஃப்ட் எத்தனை, பினியன் முகம் எத்தனை என்று மூன்றையும் குறியுங்கள். பாக்ஸ் அச்சும் பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், ஒரு டிகிரி வித்தியாசம் வரை பரவாயில்லை. ஒவ்வொரு கிராஸிலும் மூன்று டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதற்காக முழுக்க நேராகவும் வைக்கக் கூடாது. கிராஸ் கப்புக்குள் இருக்கும் ஊசி உருளைகள் ஒரே இடத்தில் நின்று குழி விழும். அரை டிகிரியாவது இருக்க வேண்டும்.

நீளமான பாக்ஸ், குட்டையான ஷாஃப்ட் என்றால் கோணம் தானாகவே கூடும். அதுதான் உங்கள் வண்டியில் நடந்திருக்கும். சரிசெய்ய இரண்டு வழி. பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை இறக்குவது அல்லது ஏற்றுவது ஒன்று. பின்னச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் சாய்வான இரும்பு ஆப்பு வைத்துப் பினியன் மூக்கைத் திருப்புவது இன்னொன்று. ஆப்பு இரும்பில்தான் இருக்க வேண்டும். அலுமினியத் துண்டை வைத்து, அது நசுங்கி யு போல்ட் தளர்ந்து வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் சரியாக இருந்தும் நடுக்கம் போகவில்லை என்றால் பாலன்ஸ். வெட்டி ஒட்டிய ஷாஃப்டைப் பாலன்ஸ் பார்க்காமல் மாட்டவே கூடாது. வெல்டிங் சூட்டில் குழாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. திருச்சிப் பக்கம் பாலன்ஸிங் மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். போக முடியாதவர்களுக்கு ஒரு கைவைத்தியம்: ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடும் கிளிப் ஒன்றைப் பினியன் பக்க முனையில் இறுக்குங்கள். அதன் திருகுத் தலைதான் எடைக்கல். ஓட்டிப் பாருங்கள். கால் சுற்று திருப்புங்கள், மறுபடி ஓட்டுங்கள். நாலு இடத்தில் எங்கே ஆட்டம் குறைகிறதோ அங்கே வையுங்கள். போதாவிட்டால் பக்கத்தில் இன்னொரு கிளிப். நாலு இடத்திலும் ஒரே ஆட்டம் என்றால் குழாயே வளைந்திருக்கலாம், கிளிப்பை விட்டுவிட்டுத் திருச்சிக்குப் பஸ் ஏறுங்கள்.

நடுவில் வைத்த தகட்டைப் பற்றியும் கேட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம், கேட்டிருக்க வேண்டும். இன்ஜினின் பின்முனையில் சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் மையமும் பாக்ஸின் முன்தண்டு மையமும் ஒரே கோட்டில் விழ வேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜைக் காந்தத்தால் பிடித்து, இன்ஜினைக் கையால் சுற்றி, தகட்டின் நடுத்துளையைச் சுற்றி முள் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்குக்குள் இருந்தால் சரி. லேத்காரர்களிடம் 'அஞ்சு தௌ' என்றால் புரியும். போல்ட் ஓட்டைகளை நம்பி மையம் பிடிக்கக் கூடாது, அவை எப்போதும் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும். மையம் பிடித்துத் தருவது துளைக்குள் இறுக்கமாக உட்காரும் டவல் பின். உங்கள் தகட்டில் டவல் பின் இருக்கிறதா என்று கேளுங்கள். லேத்காரர் "அது எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டால் வேறு லேத் பாருங்கள்.

கடைசியாக அந்தக் கூழாங்கல் சத்தம். கிளட்சை மிதித்ததும் நிற்கிறதா? நின்றால் பெரிய வியாதி இல்லை. டீசல் இன்ஜின் ஐடிலில் ஒரே சீராகச் சுற்றாது. நாலு சிலிண்டர், 700 சுற்று என்றால் நொடிக்கு 23 தடவை குத்துகிறது. ஒவ்வொரு குத்துக்கும் பாக்ஸுக்குள் சும்மா சுற்றுகிற பல்கள் ஒன்றை ஒன்று தட்டிக்கொள்ளும். அந்தக் குத்தைத் தாங்கத்தான் கிளட்ச் பிளேட்டின் நடுவில் சுருள் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங் தளர்ந்த பழைய பிளேட்டையோ, வேறு இன்ஜினுக்கான பிளேட்டையோ போட்டிருப்பார்கள். ஐடிலை ஒரு ஐம்பது சுற்று ஏற்றிப் பாருங்கள், பாதி அடங்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டி அரை மணி நேரம் இந்தச் சத்தத்தைக் கேட்பவனுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் இதற்காகப் பாக்ஸை இறக்க வேண்டாம். அடுத்த தடவை எதற்காகவாவது இறக்கும்போது பிளேட்டை மாற்றுங்கள்.

கேள்வி: என் அப்பாவின் அம்பாசடரில் ஐந்து கியர் பாக்ஸ் போட்டோம். நடுக்கம் இல்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்து பேச முடியாத அளவுக்கு இரைச்சல், கியர் லீவர் வேறு விர்ரென்று நடுங்குகிறது. வண்டியை விற்க மனமில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: விற்க வேண்டாம் அம்மா. 2014-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், இனி வராது.

நீங்கள் தஞ்சாவூர் என்பதால் சொல்கிறேன். வீணைக் கம்பியைத் தனியாகக் கட்டி மீட்டினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. பலாமரக் குடத்தில் ஏறும்போதுதான் கூடம் முழுக்கக் கேட்கிறது. உங்கள் காரின் தகர உடம்புதான் குடம். கம்பி எந்த வழியாகக் குடத்தைத் தொடுகிறது என்று பாருங்கள்.

முதல் வழி மவுண்டிங். பாக்ஸைத் தாங்கும் ரப்பர் கிடைக்கவில்லை என்று லாரி டயரைத் துண்டு போட்டு வைத்திருப்பார்கள், அல்லது நேராக இரும்போடு இரும்பாக முடுக்கியிருப்பார்கள். இரண்டும் வேண்டாம். அந்தப் பாக்ஸுக்கு உரிய மிருதுவான ரப்பரே போடுங்கள். மவுண்டிங் போல்ட் எல்லாவற்றையும் கொஞ்சம் தளர்த்தி, இன்ஜினை ஐடிலில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு அணைத்துவிட்டு முடுக்குங்கள். இழுத்துப் பிடித்து முடுக்கிய ரப்பர் அதிர்வைத் தடுக்காது.

இரண்டாவது சைலன்சர் பைப். பாக்ஸ் பெரிதானதும் பைப்புக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடைவெளி போயிருக்கும். நடுவில் விரல் நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் பாதி இரைச்சல் அங்கிருந்துதான்.

மூன்றாவது ஓட்டை. லீவர் புதிய இடத்தில் வருவதால் தரையை வெட்டியிருப்பார்கள். பழைய ஓட்டையும் திறந்தே கிடக்கும். கையகல ஓட்டை போதும், ஒட்டிய மேட் அத்தனையும் வீண். தகரம் வெட்டி, ரப்பர் கேஸ்கெட் கொடுத்துத் திருகில் முடுக்கி மூடுங்கள். லீவருக்கு இரட்டை ரப்பர் உறை. லீவர் நடுக்கம், லீவர் அடியில் உள்ள நைலான் புஷ் தேய்ந்ததாலும் இருக்கலாம். சின்னச் சாமான்தான், முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு மேட் ஒட்டுங்கள், யார் வேண்டாம் என்றது. தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும் கனமான பியூட்டைல் ஷீட் முதலில், அதன் மேல் நீர் குடிக்காத ஃபோம். தரை முழுக்க மூட வேண்டியதில்லை. விரலால் தட்டினால் எங்கே டண்டண் என்று ஒலிக்கிறதோ அங்கே ஒட்டினால் போதும். சாக்கு, பழைய போர்வை, தேங்காய் நார் மெத்தை எதையும் கீழே திணிக்காதீர்கள். ஐப்பசி மழையில் ஒரு தடவை நனைந்தால் தை வரை காயாது. மேலே கார்ப்பெட் அழகாக இருக்கும், கீழே தகரம் அப்பளமாகியிருக்கும்.

கேள்வி: கியர் பாக்ஸ் மாற்றி மூன்று மாதம். கியரில் வைத்துக் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் 'கீய்ய்' என்று கத்துகிறது. ரிலீஸ் பேரிங் புதிது போட்டும் போகவில்லை.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: பைலட் புஷ். ஃப்ளைவீல் நடுவில் இருந்து முன்தண்டின் மூக்கைத் தாங்குகிற சின்ன வளையம். கியரில் வைத்துக் கிளட்சை மிதித்து நிற்கும்போதுதான் இன்ஜின் சுற்றும், பாக்ஸின் முன்தண்டு நிற்கும். இரண்டும் உரசுகிற இடம் அது ஒன்றுதான். நியூட்ரலில் மிதித்தால் கத்தாமல், கியரில் மட்டும் கத்துவதும் இதற்கு அடையாளம்.

நானும் இந்தக் குழியில் விழுந்தவன். தண்டு மூக்குக்குப் பொருந்துகிற புஷ் கடையில் கிடைக்காமல், நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறையில் தெரிந்தவரிடம் ஒரு பித்தளைத் துண்டு வாங்கி லேத்தில் கடைந்து போட்டேன். பொன்போல் பளபளத்தது. சரியாக உங்கள் மாதிரியே மூன்றாவது மாதம் கத்த ஆரம்பித்தது. இறக்கிப் பார்த்தால் புஷ் மூடி திறந்த பேனாபோல் தொளதொளவென்று கிடந்தது, தண்டு மூக்கிலும் வரி விழுந்திருந்தது. குத்துவிளக்குக்கு ஆன பித்தளை இதற்கு ஆகாது. எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்தான் வேண்டும். போடுவதற்கு முன் ஒரு ராத்திரி இன்ஜின் ஆயிலில் ஊறவையுங்கள். மூக்கு புஷ்ஷுக்குள் எவ்வளவு நுழைகிறது என்றும் அளந்து பாருங்கள். நடுவில் தகடு வைத்த வண்டியில், தகட்டின் கனத்துக்கு மூக்கு பின்வாங்கி நுனி மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும்.

கேள்வி: பாக்ஸ் மாற்றி ஆறு மாதம் நன்றாக ஓடியது. போன வாரம் திடீரென்று நடுக்கம். எங்கும் இடிக்கவில்லை.
– வாசகர், மன்னார்குடி

பதில்: குனிந்து ஷாஃப்டைப் பார்த்தீர்களா? சாலையில் உளுந்துக் கொடியும் வைக்கோலும் பரப்பியிருக்கும் காலம். நாம் அதன் மேல் ஓட்டிக்கொண்டு போகிறோம், அது ஷாஃப்டில் திரிபோல் சுற்றிக்கொள்கிறது. ஒரு வண்டியில் கதிர் அரிவாளை விட்டு அறுத்து எடுத்தேன், ஒரு மாட்டுக்கு ஒரு வேளைத் தீனி தேறியது. நைலான் கயிறும் கூடச் சுற்றியிருந்தால் கிராஸ் கப்பின் சீலைக் கிழித்துவிடும், அதையும் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றால் சக்கரத்தின் உள்பக்கம். வயலில் இறக்கிய வண்டியின் ரிம்மில் சேறு ஒரு பக்கமாக ஒட்டிக் காய்ந்தால் செங்கல் வைத்ததுபோல்தான்.

கேள்வி: தடித்த ஆயில் ஊற்றினால் பாக்ஸ் சத்தம் அடங்கும் என்கிறார்களே?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கொஞ்சம் அடங்கும், கூடவே மார்கழிக் காலையில் கியரும் விழாது. பழைய சாமான் கடையில் சில பாக்ஸுகளில் மரத்தூள் கலந்து சத்தத்தை அடக்கி வைத்திருப்பார்கள். வாங்கும்போதே ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். தூளாக நெருடினாலோ, வெயிலில் தங்கத்தூள்போல் மின்னினாலோ வேண்டாம் என்று வந்துவிடுங்கள். மின்னுவது, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளை.

எந்தக் கியரில் இரைகிறது என்றும் கவனியுங்கள். உங்கள் பாக்ஸில் நாலாவது நேர் கியர் என்றால், சக்தி முன்தண்டிலிருந்து நேராகப் பின்தண்டுக்குப் போய்விடும், பாக்ஸுக்குள் பக்கத்தில் ஓடும் துணைத்தண்டான லே ஷாஃப்டுக்குப் பாரம் இல்லை. நாலாவதில் மட்டும் அமைதி, மற்றதில் எல்லாம் இரைச்சல் என்றால் லே ஷாஃப்ட் பேரிங். அதற்கு எந்த ஆயிலும் மருந்தில்லை.

ஊற்ற வேண்டியது 80 டபிள்யூ 90, ஜிஎல் 4 என்று டப்பாவில் போட்டிருப்பது. ஜிஎல் 5, கிரவுனும் பினியனும் இருக்கும் பின்னச்சு ஹவுசிங்குக்கு நல்லது. தயாரித்தவர்களே சொல்லாமல் அதைப் பாக்ஸில் ஊற்றாதீர்கள். அதில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை வளையத்துக்கு ஆகாது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, அந்த ஓட்டை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். வழிவது நின்றதும் மூடிவிடுங்கள்.